டிரைவர் தேடும் முன் கெர்னல் சொல்வதைக் கேளுங்கள்

லினக்ஸ் நிறுவியதும் வைஃபை வரவில்லை என்றால், பலரும் உடனே லேப்டாப் கம்பெனியின் தளத்துக்குப் போய் டிரைவர் தேடுகிறார்கள். அது விண்டோஸ் பழக்கம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள், அதன் மையநிரலான கெர்னலோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. இருக்கும் டிரைவர் ஏன் வேலை செய்யவில்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டெர்மினலில், கணினிக்குள் இருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே சேர்த்து (lspci -nnk) ஓட்டுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் சதுர அடைப்புக்குள், நடுவில் முக்காற்புள்ளி வைத்த இரட்டைக் குறியீடு ஒன்று தெரியும். முன்பாதி சிப் தயாரிப்பாளரைக் குறிக்கும் (இன்டெல் என்றால் 8086), பின்பாதி சிப்பை. தேடுவதானால் இந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். அட்டைப்பெட்டியில் உள்ள மாடல் பெயரை நம்ப முடியாது. யூஎஸ்பி வைஃபை அடாப்டர்களில் அதே பெயரில் அடுத்த பதிப்பு வரும்போது உள்ளே சிப்பே மாறியிருக்கும். (யூஎஸ்பி சாதனங்களுக்குக் கட்டளை எல்எஸ்யூஎஸ்பி, lsusb.) 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லையென்றால், அந்தச் சாதனத்தை எந்த டிரைவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து, நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளை (sudo dmesg). அதில் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று வந்தால் டிரைவர் மேல் தப்பில்லை. -2 என்றால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை'. பல வைஃபை சிப்கள் தங்களுக்கான ஃபர்ம்வேரை உள்ளே நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் டிரைவர்தான் ஊட்ட வேண்டும். டெபியன் என்ற டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் தொகுப்பு) 12-ஆம் பதிப்பு (2023) முதல் நிறுவியிலேயே இவை வருகின்றன. ஆனால் 11-இலிருந்து மேம்படுத்தியவர்கள் மென்பொருள் பொதிகள் இறங்கும் களஞ்சியங்களின் பட்டியலில் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' (non-free-firmware) பகுதியைத் தாங்களே சேர்க்க வேண்டும். இறக்க நெட் வேண்டுமே என்றால், போனை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டால் போதும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவரில்தான். டிகேஎம்எஸ் என்ற கருவி, உங்கள் கணினியிலேயே அதன் மாட்யூலை (கெர்னலில் ஏற்றப்படும் டிரைவர் பகுதி) கட்டுகிறது. அதற்கு, ஓடும் கெர்னலின் அதே பதிப்பு ஹெடர் பொதி வேண்டும். நம்பகமற்ற நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், மாட்யூலுக்கு டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், ரீபூட்டில் நீலத்திரை வரும். ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து விநாடி எண்ணும். பதறி அழுத்தாமல் விட்டுவிட்டால், கையொப்பத்துக்கான சாவி பதியாமல் நேராக பூட் ஆகிவிடும். மாட்யூலை ஏற்றப் பார்த்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று மறுக்கும். அதனால் நீலத்திரையில் விசையை அழுத்தி, சாவியைப் பதியும் 'என்ரோல் மோக்' (Enroll MOK) தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். அந்தத் திரையில் கீபோர்டு அமெரிக்க அமைப்பில் இருக்கும் என்பதால், சிறப்புக் குறிகள் இல்லாத கடவுச்சொல் நல்லது.

என்விடியா தளத்திலிருந்து ரன் (.run) கோப்பை இறக்கி நிறுவுவதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. டிகேஎம்எஸ்ஸில் பதியாமல் நிறுவியிருந்தால், அடுத்த கெர்னல் அப்டேட்டில் கறுப்புத் திரைதான் மிச்சம். அப்படி ஆகிவிட்டால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழைய கெர்னலில் நுழைந்து, அந்த டிரைவரை நீக்கிவிட்டு, டிஸ்ட்ரோவின் சொந்தப் பொதியைப் போடுங்கள். புது கெர்னல் ஒழுங்காக ஓடுகிறது என்று பார்க்கும்வரை பழையதை அழிக்காதீர்கள்.