கிலுகிலுப்பை இலையில் பட்டாம்பூச்சிக்கு என்ன வேலை?

"மழை தொடங்கியதும் வேலியோரக் கிலுகிலுப்பையில் நீல வரியன் பட்டாம்பூச்சிகள் மொய்க்கின்றன. பூவைச் சீண்டாமல் வாடிய இலையையும் காயையும் சுரண்டுகின்றன. ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்த மஞ்சள் பூ கருவண்டுக்கானது. வண்டு உட்கார்ந்து அழுத்தினால் அடியில் படகுபோலக் குவிந்த இதழின் நுனியிலிருந்து மகரந்தம் பற்பசைபோலப் பிதுங்கி அதன் மேல் ஒட்டும். வரியன்கள் வருவது நஞ்சுக்காக!

தன்னைத் தின்ன வருபவர்களை விரட்டக் கிலுகிலுப்பை பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நஞ்சைச் சேர்த்து வைக்கிறது. ஆண் வரியன்கள் வாடிய பகுதியாகப் பார்த்து, கால் நகத்தால் கீறி, உறிஞ்சுகுழல் வழியே நீர்விட்டுக் கரைத்து மறுபடி உறிஞ்சுகின்றன. வரியன் குடும்பத்தில் பல ஆண்கள் இதிலிருந்து டனாய்டோன் என்ற வாசனைப் பொருளைத் தயாரிக்கின்றன. வயிற்று நுனிக்குள் ஒடுங்கியிருக்கும் மயிர்க்கற்றையை விரித்து, பெண்ணின் உணர்கொம்புகளில் அதைத் தூவும். அதுதான் காதல் விண்ணப்பம். அமெரிக்காவில் இவற்றின் உறவினமான குயின் பட்டாம்பூச்சியில் பிளிஸ்க், ஐஸ்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1969இல் இதைச் சோதித்தார்கள். டனாய்டோன் இல்லாத ஆண்கள் முறைப்படி சுற்றிச் சுற்றி வந்தும் பெண்கள் பெரும்பாலும் மசியவில்லை. இன்னும் அழகான செய்தி: அந்த இனத்தில் இணையும்போது ஆண் அந்த நஞ்சையும் சேர்த்துக் கொடுக்கிறது, பெண் அதை முட்டைகளுக்குள் வைக்கிறது. செடி தனக்காகச் செய்த காவல், பிறக்காத புழுவுக்குச் சீதனமாகப் போய்ச் சேருகிறது. செடிக்கு இதில் ஒரு பைசா லாபமில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வரியன்கள் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கூட்டமாகத் திரும்புகின்றன. வழியில் தேனுக்குத் தும்பையும், நஞ்சுக்குக் கிலுகிலுப்பையும் வேண்டும். நாமோ தரிசு நிலத்தைப் 'புதர்' என்று சொல்லி ஜேசிபி விட்டு வழித்துவிடுகிறோம். இந்த வலசையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, சொந்தக் காசில் பேருந்தேறிப் போய் எண்ணிக் குறித்த ஆர்வலர்களின் உழைப்பு. இதற்கு அரசு தொடர்ச்சியாக நிதி ஒதுக்கியே ஆக வேண்டும்.

வளர்க்க விரும்புகிறவர்கள் ஆடிப்பட்டத்தில் விதையுங்கள். விதைத்தோல் கெட்டியானது, மணலில் லேசாகத் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். ஆடுமாடு எட்டாத இடமாகப் பாருங்கள். 'மூலிகைதானே' என்று கஷாயம் வைத்துக் குடித்துவிடாதீர்கள். அந்த நஞ்சு நம் கல்லீரலையும் கெடுக்கும். காய் முற்றிக் கிலுகிலுக்கத் தொடங்கியதும் செடியைப் பிடுங்க வேண்டாம். வரியன்கள் தேடிவருவது அந்த வாடிய செடியைத்தான்.