உள்ளங்காலில் ஒரு மச்சம்

கொழும்பு செட்டியார்தெருவில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஐயா, இடுப்பில் படர்தாமரை என்று தோல் வைத்தியரான என்னிடம் வந்திருந்தார். பார்த்து, பூச்சு மருந்து எழுதிக் கொடுத்தேன். அப்புறம் எல்லோரிடமும் கேட்பதுபோல, "ஐயா, சப்பாத்தைக் கழட்டி ரெண்டு உள்ளங்காலையும் ஒருக்காக் காட்டுங்கோ" என்றேன்.

"அது எதுக்குப் பிள்ளை? கால்ல ஒண்டுமில்லை."

கொஞ்சம் வற்புறுத்திய பிறகுதான் காட்டினார். இடது குதிக்கால் ஓரத்தில் கடலைப்பருப்பு அளவில் ஒரு கறுப்பு. ஒரு பக்கம் பிளேன்டீ நிறம், மறுபக்கம் நல்ல கறுப்பு. விளிம்பு சீராக இல்லை. ஈரத் தாளில் விழுந்த மைத்துளி போல ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது.

"அது மச்சம். உள்ளங்காலில மச்சம் இருந்தா வெளிநாட்டு யோகமாம். அம்மா சொல்லுவா."

கூட வந்திருந்த மனைவி விடவில்லை. "மாமி சொன்னது சின்னப் பொட்டு. இது ரெண்டு வருசத்துக்குள்ள பெருத்தது. நான்தானே கால் ஆணி எண்டு நினைச்சு பிளாஸ்டர் ஒட்டி விட்டனான்."

(அவர்களிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆள் தெரியாமல் இருக்கச் சிலதை மாற்றியிருக்கிறேன்.)

டெர்மொஸ்கோப் என்று ஒரு சின்னக் கருவி எங்களிடம் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியும் விளக்கும் சேர்ந்தது. அதைக் காலில் வைத்ததும் ஐயாவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. "எங்கட பட்டறையிலயும் இப்பிடி ஒரு கண்ணாடி இருக்கு, கல்லுப் பாக்கிறதுக்கு" என்றார். சரி, நீங்களே பாருங்கள் என்று படம் எடுத்துத் திரையில் காட்டினேன்.

கைரேகை போலவே உள்ளங்காலிலும் ரேகை உண்டு. உழுத வயல் போல மேடும் பள்ளமுமாக ஓடும். மேட்டின் முதுகில் வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசையில் தெரியும். சாதாரண மச்சமென்றால் நிறம் பெரும்பாலும் பள்ளங்களில் மெல்லிய கோடாக ஓடும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்றால் நிறம் மேட்டில் ஏறி, பட்டை பட்டையாக நிற்கும். யப்பானிய தோல் வைத்தியர்கள் கண்டுபிடித்துச் சொன்ன வேறுபாடு இது. ஐயாவின் காலில் நிறம் மேட்டில் இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக்குக் கீழே கல்லின் பழுதைத் தேடிய மனிதர் அவர். நான் வாய் திறக்க முன்னரே, "இது பிழையான இடத்தில நிக்குது, என்ன?" என்று கேட்டார்.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் கலங்களில் வருகிற புற்றுநோய். இணையத்தில் தேடினால் வெள்ளைத் தோல், வெயில், கடற்கரை, முதுகில் மச்சம் என்றுதான் படங்கள் வரும். வெள்ளைத் தோலுள்ளவர்களைப் பொறுத்தவரை அது சரியான தகவல். ஆனால் அதைப் படித்துவிட்டு எங்கள் ஆட்கள் இரண்டு பிழையான முடிவுக்கு வருகிறார்கள். ஒன்று, கறுத்தத் தோலுக்கு இது வராது என்பது. மற்றது, வெயிலுக்குக் கிரீம் பூசினால் போதும் என்பது.

எங்கள் தோலில் இது அரிது என்பது உண்மைதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வரும்போது பெரும்பாலும் வெயிலே படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி. ஏக்ரல் மெலனோமா என்று பெயர். காலி முகத்திடலில் தினமும் மத்தியான வெயிலில் வடை விற்பவருக்கும், குளிரூட்டிய அறையில் கணக்கெழுதுபவருக்கும் இந்த வகை ஒரேமாதிரித்தான் வரும். சன்ஸ்கிரீன் இதைத் தடுக்காது. பழைய மச்சம்தான் இப்படி மாறும் என்றும் இல்லை. பெரும்பாலும் ஒன்றுமில்லாத தோலில் புதிதாகவே தொடங்குகிறது.

கொழும்பில் த்ரீவீலர்களில் ஒட்டியிருக்கும் பொப் மார்லியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய கால் பெருவிரல்தான் ஞாபகம் வரும். 1977இல் நகத்துக்கு அடியில் இருந்த காயத்தை முதலில் பந்து விளையாடும்போது பட்ட அடி என்றுதான் நினைத்தார்கள். அது ஏக்ரல் மெலனோமா. விரலை எடுக்கச் சொன்னார்கள், மத நம்பிக்கை காரணமாக அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 1981 மே 11ஆம் திகதி இறந்தார். வயது 36.

எனக்கு உள்ளங்காலைப் பார்க்கும் பழக்கம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருவார். முன்காலில் அரிப்பு, எக்ஸிமா. நான்கு தடவை வந்திருக்கிறார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கிக் காட்டுவார். நான் குனிந்து பார்த்து, மருந்து எழுதி அனுப்பிவிடுவேன். செருப்பைக் கழற்றச் சொல்லவே இல்லை. ஐந்தாவது தடவை காலில் கட்டோடு வந்தார். சுகர் புண் என்று வேறோர் இடத்தில் 8 மாதமாக மருந்து கட்டிக்கொண்டிருந்தார்களாம். அவிழ்த்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பாகச் சதை வளர்ந்து, பஞ்சு பட்டாலே இரத்தம் கசிந்தது. ஓரத்தில் மட்டும் நூல் போல ஒரு கறுப்புக் கோடு. கவட்டில் நெறி (நிணநீர்க் கணு) கட்டியிருந்தது.

மெலனோமா எப்போதும் கறுப்பாகவே இருக்காது. நிறமே இல்லாமல், ஆறாத புண்ணாக, சதை வளர்ச்சியாக, சிவப்பாகவும் வரும். அந்தக் கட்டை முதலில் போட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கால் நான்கு தடவை என் அறைக்குள் வந்து போயிருக்கிறது. ரீச்சர் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். அன்றிலிருந்து சொடுகுக்கு மருந்து வாங்க வருபவராக இருந்தாலும் நான் காலைப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

எங்கள் வீடுகளில் சுகர் இல்லாத வீடு குறைவு. அதனால் காலில் எந்தப் புண் வந்தாலும் சுகர் புண் என்று நாங்களே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒழுங்காகக் கட்டுப் போட்டும், சுகர் கட்டுப்பாட்டில் இருந்தும் 2 மாதத்தில் ஆறவில்லை என்றால், "இதில ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்கலாமா டொக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். எந்த வைத்தியரும் கோபிக்கக் கூடாத கேள்வி அது.

நகத்துக்கு வருவோம். எங்களைப் போன்ற தோலுள்ளவர்களுக்கு வயதாக ஆக நகங்களில் நீளவாட்டில் கபிலக் கோடு விழுவது சாதாரணம். பல விரல்களில் மெல்லிசாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நான் பயப்படுவது, வளர்ந்த ஒருவருக்கு ஒரே ஒரு நகத்தில், முக்கியமாகக் கை அல்லது கால் பெருவிரலில், புதிதாக விழும் கோட்டுக்கு. அது 3 மில்லிமீற்றரைத் தாண்டி அகலித்தாலும், அடிப்பக்கம் அகலமாகவும் நுனிப்பக்கம் ஒடுங்கியும் இருந்தாலும், நகம் வெடித்தாலும் உடனே காட்ட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, கறுப்பு நகத்தைத் தாண்டி நகக்கண்ணின் தோலுக்குள் கசிவது. 19ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் ஜொனதன் ஹட்சின்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதை எழுதி வைத்தார். இன்றைக்கும் அவர் பெயரில்தான் அந்த அடையாளம் வழங்குகிறது. எங்கள் ஊரில் அதற்கு நகச்சுற்று என்று எலுமிச்சம்பழம் சொருகிக்கொண்டு திரிவார்கள்.

"கதவில நசிஞ்சது டொக்டர், இரத்தம் கண்டிப்போச்சு" என்பார்கள் சிலர். இருக்கலாம். அதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. இரத்தம் என்றால் நகத்தோடு சேர்ந்து முன்னுக்கு நகரும், பின்னால் சுத்தமான நகம் வளரும். கைநகம் மாதம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும், கால்நகம் 1 மில்லிமீற்றர்தான். இன்று ஃபோனில் ஒரு படம், 2 மாதம் கழித்து இன்னொரு படம். கறுப்பு அதே இடத்தில் நின்றால் அது இரத்தம் அல்ல. மேலே சொன்ன அறிகுறிகள் ஏதும் இருந்தால் அந்த 2 மாதமும் காத்திருக்க வேண்டாம்.

உடம்பின் மற்ற இடங்களுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று ஒரு கணக்கு உலகம் முழுக்கச் சொல்லித் தரப்படுகிறது: இரண்டு பாதியும் ஒத்துப்போகாதது, விளிம்பு கிழிந்தது போல இருப்பது, பல நிறம் கலந்திருப்பது, 6 மில்லிமீற்றரை விடப் பெரியது, மாறிக்கொண்டே இருப்பது. இதில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் கடைசியை வையுங்கள். மாறுகிற மச்சம் காட்ட வேண்டிய மச்சம்.

மச்சத்தின் மேல் சுண்ணாம்பு வைப்பது, குதிரைமுடி கட்டி அறுப்பது, கால் ஆணி என்று பிளேட்டால் செதுக்குவது எல்லாம் இன்னமும் நடக்கிறது. இப்போது அழகு நிலையத்தில் மெஷினால் சுட்டும் எடுக்கிறார்கள். எனக்கு இதில் உள்ள பயம், தழும்பு விழும் என்பதல்ல. சுட்டுவிட்டால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. மேலே மறைந்துவிடும், அடியில் இருப்பது வளரும். எந்த மச்சத்தை எடுத்தாலும் எடுத்த துண்டு ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். அனுப்ப மாட்டோம் என்கிற இடத்தில் எடுக்கவே வேண்டாம்.

பட்டறை ஐயாவுக்கு பயோப்சி (வெட்டி எடுத்துப் பரிசோதிப்பது) என்றதும் முகம் மாறியது. "கத்தி பட்டா பரவும் எண்டு சொல்லுகினம்." இதை நான் வாரத்தில் ஒரு தடவையாவது கேட்கிறேன். பயோப்சியால் பரவாது. நோய் காத்திருக்கும்போதுதான் பரவும். விறைப்பூசி போட்டு, கறுப்பு முழுவதையும் ஓரத்தில் ஒரு இழை நல்ல தோலோடு சேர்த்து எடுத்தோம். அடுத்த கேள்வி மனைவியிடமிருந்து வந்தது. "மஹரகமவுக்கு அனுப்புவியளோ?" கொழும்பில் அந்த ஊரின் பெயரே ஒரு நோயின் பெயராகிவிட்டது. அங்கே இருப்பது அபேக்ஷா வைத்தியசாலை, நாட்டின் பிரதான புற்றுநோய் வைத்தியசாலை. அங்கே போகிறவர்களில் குணமாகித் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் அதைப் பற்றி வெளியே கதைப்பதில்லை, அவ்வளவுதான்.

பயோப்சி அறிக்கையில் நான் முதலில் தேடுவது ஒரு எண்ணை: கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மில்லிமீற்றரில். 1970இல் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியல் நிபுணர் இந்த அளவின் முக்கியத்தைக் காட்டினார். உங்கள் பாங்க் கார்ட்டின் தடிப்பு முக்கால் மில்லிமீற்றர். புண்ணாகாமல், அந்தத் தடிப்புக்குள் பிடிபட்டால், சுற்றிவர 1 சென்ரிமீற்றர் நல்ல தோலோடு வெட்டி எடுப்பதோடு அநேகமாக எல்லாம் முடிந்துவிடும். 2 மில்லிமீற்றரைத் தாண்டினால் 2 சென்ரிமீற்றர் விட்டு வெட்ட வேண்டும், நெறிக்குள் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2011க்குப் பிறகு நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. ஆனால் இந்த உள்ளங்கால் வகை அவற்றுக்கு மற்ற வகைகளைப் போல நன்றாகக் கேட்பதில்லை, விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. அதனால் எங்களுக்கு நேரத்தோடு பிடிப்பதுதான் வைத்தியம்.

ஐயாவின் எண் 0.6. குதிக்காலில் வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இரண்டு மாதம் பட்டறைப் பக்கம் போகவில்லை. இப்போது போகிறார்.

அப்படியென்றால் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பரிசோதிக்கலாமே என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் 2008 முதல் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 வருடத்துக்கு ஒரு தடவை தோலைப் பார்க்கிறார்கள். அறிகுறி இல்லாத எல்லோரையும் அப்படிப் பார்ப்பதில் பலன் உண்டா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என 2023இல் அமெரிக்க நிபுணர் குழு சொன்னது. நோய் அரிதாக இருக்கும் எங்களுக்கு அப்படியொரு திட்டம் தேவை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் சுகர் கிளினிக்குகளில் ஏற்கனவே காலைத் தூக்கிப் பார்க்கிறார்கள், உணர்ச்சி இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று. அதே நேரத்தில் கறுப்பு ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்தால் அரை நிமிடம்தான் கூடும். அங்கே வேலை செய்யும் தம்பி தங்கைகள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து செய்யுங்கள்.

வீட்டில் மாதம் ஒரு தடவை, குளித்துவிட்டு வந்து, வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். உள்ளங்கால், விரலிடுக்கு, உள்ளங்கை, 20 நகம். குனிய முடியாத அம்மா அப்பாவுக்கு நீங்கள் பாருங்கள். சந்தேகமென்றால் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். குடும்ப வைத்தியரிடம் காட்டலாம். அரசாங்க வைத்தியசாலை ஓபிடியில் காட்டினால் தோல் கிளினிக்குக்குத் துண்டு தருவார்கள், காசு இல்லை. தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணித்தான் காட்ட வேண்டும் என்று சம்பளநாள் வரை தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று. பெரியவர் முன்னால் கால் நீட்டக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். "ஐயோ, உங்கட கையில என்ர காலையோ" என்று இழுத்துக்கொள்ளும் அம்மாமார் எத்தனை பேர். நாள் முழுக்க நடந்து வந்த கால், பஸ்ஸில் மிதிபட்ட கால் என்று கூச்சப்படுவார்கள். வெடிப்பு இருந்தாலும், கழுவாமல் வந்தாலும் பரவாயில்லை. என் அறையில் தண்ணீரும் பஞ்சும் இருக்கிறது, நானே துடைத்துப் பார்ப்பேன். நகத்தில் பொலிஷும் மருதாணியும் மட்டும் இல்லாமல் வாருங்கள்.