பாங் குடித்தால் மூளைக்குள் என்ன நடக்கிறது?

மகா சிவராத்திரி நெருங்கினால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். இந்த முறை ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "காசிக்குப் போய்வந்த என் மைத்துனர் அங்கே தண்டாய் என்கிற மசாலாப் பாலில் பாங் கலந்து குடித்தாராம். நேரம் நின்றே போய்விட்டது, நான் என்கிற நினைப்பே கரைந்துவிட்டது, வருடக்கணக்கில் தியானம் செய்து கிடைக்காதது ஒரு சாயங்காலத்தில் கிடைத்துவிட்டது என்கிறார். சாமியார்கள் சிலும்பியில் கஞ்சா பிடிப்பது இதற்குத்தானா? இதில் அறிவியல் ஏதாவது உண்டா?"

நிறையவே உண்டு. அதுவும் மூளை அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் ஒன்று இந்தக் கஞ்சா செடி வழியாகத்தான் வந்தது. ஆனால் மைத்துனர் நினைக்கிற இடத்தில் அது இல்லை.

முதலில் பழைய கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 2025 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை பிரயாக்ராஜில் நடந்த மகா கும்பமேளாவின் வீடியோக்களில், உடம்பெல்லாம் சாம்பல் பூசி, களிமண் சிலும்பியை இரண்டு கையாலும் பிடித்துப் புகை இழுக்கும் சாதுக்களைப் பார்த்திருப்பீர்கள். காத்மாண்டு பசுபதிநாதர் கோயிலில் சிவராத்திரி அன்றும் இதே காட்சிதான். பதஞ்சலி யோக சூத்திரத்தின் நான்காம் பாதம் தொடங்குவதே, சித்திகள் பிறப்பாலும் மூலிகையாலும் மந்திரத்தாலும் தவத்தாலும் சமாதியாலும் வரும் என்கிற வரியோடு. ஆக, மூலிகைக்கும் பட்டியலில் இடம் உண்டு. அதே சமயம் நம் திருமூலர் திருமந்திரத்தில் கள்ளுண்ணாமை என்று ஒரு தனி அதிகாரமே வைத்து, சிவானந்தத் தேறல் இருக்கும்போது இந்த மது எதற்கு என்று கண்டிக்கிறார். பௌத்தத்தின் ஐந்தாவது சீலம் போதையை விலக்கச் சொல்கிறது. கிழக்கத்திய ஆன்மிகமே போதையில் மிதந்தது என்று சொல்பவர்களும், நம் முன்னோர்கள் இதையெல்லாம் தொட்டதே இல்லை என்று சொல்பவர்களும் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

சரி, பாங் என்றால் என்ன? கஞ்சா செடியின் இலை. பூங்கொத்தைக் காயவைத்தால் கஞ்சா, பிசினைத் திரட்டினால் சரஸ். 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் பூங்கொத்தையும் பிசினையும் தடை செய்தது. பூ சேராத வெறும் இலை அந்த வரையறைக்குள் வரவில்லை. அதனால் பாங் மாநிலங்களின் கையில் விடப்பட்டு, வாரணாசியிலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதி பெற்ற கடைகளிலேயே விற்கிறது.

செய்முறையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இலையை வேகவைத்துக் கசப்பு நீரைப் பிழிந்து எடுப்பார்கள். அம்மியில் வைத்துப் பசையாகும் வரை வெகுநேரம் அரைப்பார்கள், கரும்பச்சையாக ஒரு விழுது வரும். அதை உருண்டை பிடித்து, பாதாம், சோம்பு, கசகசா, மிளகு, ரோஜா இதழ் அரைத்துச் சேர்த்த பாலில் கரைத்துத் துணியில் வடிகட்டுவார்கள். இதில் ஒவ்வொரு படிக்கும் வேதியியல் காரணம் இருக்கிறது. கஞ்சாவில் போதை தரும் பொருளுக்கு டி.எச்.சி. என்று பெயர். பச்சை இலையில் இருப்பது டி.எச்.சி. இல்லை, அதன் அமில வடிவம். அது போதை தராது. காயும்போதும் சூடாகும்போதும் அதிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடு கழன்று போனால்தான் டி.எச்.சி. ஆகும். இந்த டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலும் பாதாமும் வெறும் ருசிக்காக வந்தவை இல்லை என்று இப்போது புரிகிறது. மூலக்கூறு என்ற ஒன்றே தெரியாத காலத்தில், போட்டுப் பார்த்து, குடித்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாகத் திருத்தி இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள். இதை நான் மனதார மதிக்கிறேன்.

அப்புறம் கல்லீரல். புகையாக இழுத்தால் டி.எச்.சி. நுரையீரல் வழியாக நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். குடித்தால் குடல், அங்கிருந்து கல்லீரல், அதற்குப் பிறகுதான் மூளை. வழியில் கல்லீரல் அதன் ஒரு பகுதியை 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது, அதுவும் மூளைக்குள் நன்றாகவே நுழையும், நன்றாகவே வேலை செய்யும். குடித்து அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. "என்னப்பா, ஒண்ணும் ஏறலையே" என்று இரண்டாவது டம்ளரை எடுப்பவர்கள்தான் ஹோலி அன்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

இப்போது மூளைக்கு வருவோம். 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெகூலம், யெகியேல் கவோனி இருவரும் டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்கான சரக்கு போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த 5 கிலோ ஹஷீஷ், அதாவது கஞ்சா பிசின். அதைப் பையில் போட்டுக்கொண்டு மெகூலம் பஸ்ஸில் ஊர் திரும்பினார். 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டெவேனும் மூளை செல்களின் மேல் இந்தப் பொருள் வந்து ஒட்டுவதற்கென்றே ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். இன்று அதற்கு சி.பி.1 என்று பெயர். ஏதோ ஒரு மலைச்சரிவில் வளரும் செடியின் சாற்றுக்காக நம் மூளை ஏற்பி வைத்துக்கொண்டிருக்க வாய்ப்பில்லையே, உடம்பே தயாரிக்கும் ஏதோ ஒன்றுக்காகத்தானே இருக்க வேண்டும்? தேடினார்கள். 1992-இல் பன்றி மூளையிலிருந்து டெவேனும் லூமிர் ஹனுஷும் மெகூலத்தின் ஆய்வகத்தில் அதைப் பிடித்தார்கள். ஆனந்தம் என்ற சொல்லை எடுத்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். 1995-இல் இரண்டாவது ஒன்று கிடைத்தது, 2-ஏ.ஜி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

நான் சொல்லவந்த விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பள்ளியில் என்ன படித்தோம்? ஒரு நரம்பு செல்லின் முனையில் சின்னச் சின்னப் பைகளில் வேதிப்பொருள் நிரம்பியிருக்கும். மின்துடிப்பு வந்தால் கால்சியம் உள்ளே பாயும், பை வெடித்து வேதிப்பொருள் வெளியே கொட்டும், சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியைத் தாண்டி அடுத்த செல்லில் போய் ஒட்டும். செய்தி முன்னிருந்து பின்னுக்குப் போகும், திரும்பி வராது. ஒருவழிப் பாதை. 1990-களின் தொடக்கத்தில் சிலர் இதற்கு ஒத்துவராத ஒன்றைக் கவனித்தார்கள். பெறுகிற செல்லை மட்டும் மின்முனையால் ஓரிரு விநாடி தூண்டினால், அதற்கு அனுப்புகிற செல் அடுத்த சில பத்து விநாடிகளுக்குத் தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அனுப்புபவரை யாரும் தொடவே இல்லை! அப்படியானால் பெறுகிறவர் எதையோ பின்னோக்கி அனுப்பியிருக்க வேண்டும். அது என்ன?

சுமார் பத்து வருடம் இந்த மர்மம் நீடித்தது. 2001-இல் கலிஃபோர்னியாவில் வில்சனும் நிக்கோலும், ஜப்பானில் கானோவின் குழுவும், ஹார்வர்டில் கிரைட்சரும் ரெகரும் தனித்தனியாக ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்தார்கள். சி.பி.1 ஏற்பியை அடைத்துவிட்டால் அந்தப் பின்செய்தி நின்றுவிடுகிறது. கஞ்சா எந்த ஏற்பியில் ஒட்டுகிறதோ அதே ஏற்பிதான் மூளையின் எதிர்வழிச் செய்திக்கான காது.

நம் கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் சாதத்தைச் சாய்த்துக்கொண்டே வருவார், உட்கார்ந்திருப்பவர் இலைக்கு மேல் கையை நீட்டி மறைப்பார், கரண்டி நின்றுவிடும். அந்தக் கைதான் 2-ஏ.ஜி. பெறுகிற செல்லுக்குள் அளவுக்கு மேல் தூண்டல் வந்து கால்சியம் ஏறியதும், அது தன் சவ்விலிருக்கிற கொழுப்பிலிருந்தே அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே 2-ஏ.ஜி.யை வெட்டி எடுக்கிறது. மற்ற நரம்புச் செய்திப் பொருள்களைப் போலப் பையில் நிரப்பி முன்கூட்டிச் சேமித்து வைப்பது கிடையாது. அது இடைவெளியை எதிர்த் திசையில் கடந்து, அனுப்புகிற செல்லின் முனையிலுள்ள சி.பி.1-இல் ஒட்டும். ஒட்டியதும் அங்கே கால்சியம் நுழையும் வாசல்கள் ஒடுங்கும், பைகள் வெடிப்பது குறையும். கொஞ்ச நேரத்தில் ஒரு நொதி 2-ஏ.ஜி.யைச் சிதைத்துவிடும், பரிமாறுவது மறுபடியும் தொடங்கும். எந்த இணைப்பில் தேவையோ அந்த இணைப்பின் அக்கம்பக்கத்தில் மட்டும், தேவைப்பட்ட விநாடிகளுக்கு மட்டும். கோடிக்கணக்கான இணைப்புகளில் இது நடந்துகொண்டே இருக்கிறது, நீங்கள் இதைப் படிக்கும் இந்த நொடியிலும். எத்தனை தடவை விளக்கினாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இந்த இடத்துக்குள் பாங் நுழைந்தால் என்ன ஆகும்? யாரும் கை நீட்டாமலேயே எல்லா இலைக்கு மேலும் ஒரு கை வந்து மணிக்கணக்கில் நிற்கிறது. டி.எச்.சி. எந்தச் செல் தூண்டப்பட்டது, எது படவில்லை என்று பார்ப்பதில்லை, சட்டென்று சிதைவதும் இல்லை. சி.பி.1 எங்கெல்லாம் அடர்த்தியோ அங்கெல்லாம் மாறுதல். புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸில் அடர்த்தி அதிகம். ஒரு வாக்கியத்தைத் தொடங்கியவர் அதன் முடிவுக்குள் தொடக்கத்தை மறந்துவிடுவார். ஐந்து நிமிடம் அரை மணி மாதிரி நீள்கிறது. மைத்துனருக்கு நேரம் நின்றது இதனால்தான், அவர் பொய் சொல்லவில்லை. சிறுமூளையில் அடர்த்தி, அதனால் தள்ளாட்டம். பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸிலும் உண்டு, அதனால் அகோரப் பசி. மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியில் மட்டும் மிகக் குறைவு. அபின் வகைகள் மூச்சை நிறுத்திக் கொல்வது போல் இது கொல்லாததற்குக் காரணம் அதுதான்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மூளையின் பல இணைப்புகள் அடுத்த செல்லை அடக்குவதற்கென்றே இருப்பவை. அடக்குபவரின் வாயை அடைத்தால் அடங்கியிருந்தவர் பேச ஆரம்பிப்பார். ஒரே டி.எச்.சி. ஓரிடத்தில் அமைதியையும் இன்னோரிடத்தில் கொந்தளிப்பையும் கிளப்புவது இப்படித்தான். அளவு குறைவாக இருக்கும்போது பதற்றம் தணிந்த ஒருவருக்கு அளவு ஏறினால் அதே பதற்றம் பல மடங்காகத் திரும்பும். ஒரே குடத்துப் பாங்கைக் குடித்து ஒருவர் சிரித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இருப்பவர் செத்துவிடப் போகிறேன் என்று அலறுவார்.

தியானமும் இதுவும் ஒன்றா என்றால், எனக்குத் தெரிந்த அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. தன்னைப் பற்றியே அசைபோடும் மூளை வலைப்பின்னலின் ஆட்டம் நீண்ட காலம் தியானம் செய்தவர்களிடம் அடங்கியிருப்பதை 2011-இல் ஜட்சன் ப்ரூவரின் குழு ஸ்கேன் செய்து காட்டியது. அங்கே கவனம் சிதறாமல் நிற்கிறது. பாங்கில் முதலில் கழன்றுபோவதே கவனத்தைப் பிடித்து வைக்கும் திறன்தான். அனுபவத்தைச் சொல்லும் வார்த்தைகள் ஒன்றாக இருக்கலாம், ஆனால் உள்ளே நடப்பது வேறு.

இந்த இடத்தில் என் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். "ஆனந்தமைடை ரிஷிகள் அன்றே அறிந்திருந்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பெயர் சமஸ்கிருதம், வைத்தவர்கள் 1992-இல் பன்றி மூளையை அரைத்துக்கொண்டிருந்த வேதியியலாளர்கள். ரிஷிகளுக்குத் தெரிந்தது செடியும் அதன் விளைவும். அதுவே பெரிய அறிவு, அதற்கு மேல் பொய்யாக ஏற்றிச் சொல்லி அவர்களைக் கேலிக்கு ஆளாக்க வேண்டாம். 2020-இல் ஒரு 4 நாள் தியான முகாமுக்குப் பிறகு ரத்தத்தில் ஆனந்தமைடு உயர்ந்ததாக ஆய்வு வந்ததும் உடனே அதையும் கொண்டாடினார்கள். ரத்தத்தில் உயர்ந்தால் மூளையில் உயர்ந்ததாக அர்த்தம் இல்லை. நன்றாக ஓடி முடித்தாலும் ரத்தத்தில் அது உயர்கிறது, 2003-லேயே காட்டியிருக்கிறார்கள்.

இன்னும் வருத்தமானது, இந்தத் துறை தொடங்கியதே இங்கேதான். கல்கத்தாவில் ஓஷானெஸி என்ற ஐரிஷ் மருத்துவர் 1839-இலேயே வலிப்புக்கும் வாதநோய்க்கும் கஞ்சாவைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். 1893-94-இல் ஆங்கிலேய அரசு அமைத்த கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மிதமாக எடுத்தால் பெரிய கேடில்லை, மிஞ்சினால் கேடு என்று எழுதிவைத்தது. அதற்குப் பிறகு மேலே சொன்ன பெரிய திருப்பங்களில் ஒன்றுகூட நம் நாட்டில் நடக்கவில்லை. இப்போது ஜம்முவில் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் ஒன்று அனுமதியோடு செடி வளர்த்து ஆராய்கிறது, நல்ல விஷயம். ஆனால் முடிவை முதலில் எழுதி வைத்துவிட்டு அதற்குச் சான்று தேடும் ஆய்வுகளுக்குப் பணம் போவது நிற்க வேண்டும்.

காசிக்குப் போகிறவர்களுக்கு: எந்த உருண்டையில் எவ்வளவு டி.எச்.சி. என்று விற்பவருக்கே தெரியாது. வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால் தொடவே வேண்டாம். இருபதைத் தாண்டாத பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், வளர்கிற மூளைக்கு இதன் கேடு அதிகம். இதய நோயாளிகளுக்குப் படபடப்பு ஏறும். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

வாசகரின் கேள்வியில் நேராக ஆராயக்கூடிய ஒரு பகுதி இருக்கிறது. தினமும் கஞ்சா புகைப்பவர்களின் மூளையில் சி.பி.1 குறைந்துவிடுவதும், சுமார் 4 வாரம் நிறுத்தினால் திரும்பிவிடுவதும் 2012-இல் பெட் (PET) ஸ்கேனில் தெரிந்தது. நம் அகாடாக்களில், அதாவது சாதுக்களின் மடங்களில், சிலும்பி பிடிக்கும் சாதுக்களும் இருக்கிறார்கள், வாழ்நாளில் தொடாதவர்களும் இருக்கிறார்கள். உணவு, உறக்கம், ஜபம், ஒழுங்கு எல்லாம் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றே. இப்படி ஒரு ஒப்பீட்டுக் குழு உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அவர்கள் சம்மதத்தோடு ஒரு ஸ்கேன், தியானத்துக்கு முன்னும் பின்னும் கவனத்தை அளக்கும் சில சோதனைகள், வருடங்கள் தொடரும் கண்காணிப்பு. பெங்களூரு மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் மாதிரி ஒரு நிறுவனம் நினைத்தால் நாளைக்கே திட்டம் எழுதலாம்.