சரவாங்கி வந்தால் காப்பீட்டு அட்டையில் என்ன கிடைக்கும், ஓபி சீட்டில் என்ன கிடைக்கும்

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் என் சித்தி இருபது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். நாற்பத்தொன்றாவது வயதில் ஒருநாள், "ஏட்டி, விடிஞ்சி ரெண்டு மணி நேரத்துக்குக் கத்தரியப் புடிக்கவே முடியமாட்டேங்கு, அதுக்கப்புறம் சரியாப் போவுது" என்றாள். இலை வெட்டக் கத்தரி மூடவில்லை. பீடியின் வாயை மடக்க ஆள்காட்டி விரல் வளையவில்லை. இரண்டு கையிலும் விரல்கள் தொடங்கும் முட்டிகள் நான்கும் பூரித்து வீங்கியிருந்தன. போட்டிருந்த மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்றினோம்.

ஒன்றரை வருஷம் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டாள். ஊசி போட்டால் ஐந்தாறு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடிதான். இடையில் ஒருமுறை காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனாள். ஓபிக்கு இது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அட்டையால் பிரயோஜனமில்லை என்று டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அவளுக்கு வந்திருந்தது முடக்குவாதம். நம் பக்கத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். அதற்கு வேண்டிய வைத்தியம் முழுக்க ஐகிரவுண்டில், அதாவது பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், காசில்லாமல் கிடைக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் ஒன்றரை வருஷம் போய்விட்டது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அட்டையைப் பற்றி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்தப் பெயரில் 2012 ஜனவரியில் தொடங்கியது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறார்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்களின் பெயர் அம்மா வீட்டுக் கார்டிலேயே கிடப்பதுதான் அடிக்கடி சிக்கலாகிறது, அதை முதலில் சரிசெய்யுங்கள். சந்தேகம் என்றாலும் புகார் என்றாலும் 1800 425 3993, கட்டணமில்லாத எண்.

இந்த அட்டை ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்கும் சிகிச்சைக்கும் அறுவை சிகிச்சைக்குமானது. டாக்டரைப் பார்த்துவிட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வைத்தியத்துக்கு அதில் பணம் வராது. முடக்குவாதமோ வருஷக்கணக்கில் ஓபியில் பார்க்கிற நோய். மூட்டு தேய்ந்து உருக்குலைந்து, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டை மாற்ற வேண்டிய கட்டத்தில் அட்டை பெரிய துணை. மூட்டு அந்தக் கதிக்குப் போகாமல் காப்பது ஓபி சீட்டு. அட்டை இல்லாதவர்கள் இதைக் கவனியுங்கள்: அரசு மருத்துவமனை ஓபியில் டாக்டரைப் பார்க்கவும் மாத்திரை வாங்கவும் வருமான வரம்பு கிடையாது, காப்பீட்டு அட்டையும் கேட்கமாட்டார்கள். மாத்திரைகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து எல்லா அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புகிறது.

சரி, எந்த ஓபிக்குப் போவது? மூட்டுவலி என்றதும் எல்லோரும் எலும்பு டாக்டர் வரிசையில் நிற்கிறார்கள். விழுந்து அடிபட்டாலோ, வயதாகி முழங்கால் தேய்ந்தாலோ அது சரியான வரிசைதான். காலையில் அரைமணி, ஒருமணி நேரத்துக்கு மேல் விறைப்பு, நடமாட நடமாட அது குறைவது, இரண்டு கையிலும் ஒரே மாதிரி சின்ன மூட்டுகளில் வீக்கம், ஆறு வாரத்தைத் தாண்டியும் போகவில்லை என்றால் பொது மருத்துவ ஓபிக்குப் போங்கள். இது எலும்பில் தொடங்கும் நோயல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குவதால் வருவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. மூட்டுவாத நோய்க்கென்றே தனித்துறை சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது. சிக்கலான நோயாளி என்றால் அங்கே காட்டப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கலாம்.

இன்னொரு காரியம் செய்யுங்கள். ஓபியில் நம் முறை வரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும், காலை வீக்கம் பாதி வடிந்திருக்கும். அதனால் எழுந்தவுடன் இரண்டு கையையும் நீட்டி வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விரலை மடக்கப் பார்த்து முடியாமல் நிற்பதையும் ஒரு படம். சித்தியின் கையைப் பார்த்ததைவிட அந்தப் படத்தைத்தான் டாக்டர் அதிக நேரம் பார்த்தார். இதுவரை போட்ட ஊசிச் சீட்டுகள், சாப்பிட்ட சூரணம், பொடி எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சிக்குன்குனியா வந்ததா, தோலில் செதில் உதிர்கிறதா, வீட்டில் யாருக்காவது இந்த வலி உண்டா என்பதும் முக்கியம். சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நிற்கும் மூட்டுவலி அப்படியே முடக்குவாதம் மாதிரி இருக்கும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு வரும் மூட்டுவாதம் வேறு. இளவயசுப் பையன்களுக்கு விடியற்காலையில் இடுப்பு விறைத்து, நடந்தால் தேவலை என்றிருந்தால் அது முதுகுத்தண்டு வாதமாக இருக்கலாம். கால் பெருவிரல் ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து வீங்கினால் யூரிக் அமிலத்தைப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு வேறு.

ரத்தப் பரிசோதனையில் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும். ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி இரண்டும் முடக்குவாதத்தைத் தேடும். ஆர்ஏ ஃபேக்டர் பாசிட்டிவ் என்றதும் பயந்துவிடாதீர்கள், நோயே இல்லாத சிலருக்கும் அப்படி வரும். நெகட்டிவ் என்பதற்காக, ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் கூடாது. முடக்குவாதக்காரர்களிலேயே ஒரு பகுதிப் பேருக்கு ரத்தத்தில் அது தெரியாது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கும். காகிதத்தையும் கையையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வது டாக்டரின் வேலை. ரிசல்ட்டை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு நாமே முடிவு கட்டக் கூடாது.

நோய் உறுதியானால் பெரும்பாலும் முதலில் எழுதுவது மீத்தோட்ரெக்ஸேட். இதில் ஒரு விஷயத்தை அடித்துச் சொல்கிறேன்: இது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. மற்ற மாத்திரை மாதிரி தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. சித்திக்கு வெள்ளிக்கிழமை. மாத்திரை அட்டையின் பின்னால் மார்க்கர் பேனாவில் 'வெள்ளி' என்று எழுதித் தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். கூடவே ஃபோலிக் ஆசிட் தருவார்கள். ஆரம்பிக்கும் முன் கல்லீரல், சிறுநீரகம், மஞ்சள் காமாலைக் கிருமி, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பார்கள், பிறகும் அவ்வப்போது ரத்தம் எடுப்பார்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயல்பவர்களும் இதைச் சாப்பிடக் கூடாது, முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் எழுதினால் கண் பரிசோதனையும் உண்டு.

இந்த மருந்துகள் வேலை செய்ய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். இங்கேதான் நிறையப் பேர் கைவிட்டுவிட்டு மறுபடி ஊசிக்கு ஓடுகிறார்கள். ஊசி தரும் உடனடிச் சுகம் பெரும்பாலும் ஸ்டீராய்டால் வருவது. டாக்டர் அளந்து கொஞ்ச நாள் கொடுத்தால் அது நல்ல மருந்து. கணக்கில்லாமல் வருஷக்கணக்கில் போனால் சர்க்கரை ஏறும், எலும்பு பொடியும், அடியில் மூட்டு அரித்துக்கொண்டே இருக்கும். சித்திக்குச் சர்க்கரை வந்தது அப்படித்தான். அதற்காகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பார்க்க விரும்பினால் பாருங்கள், ஆனால் அங்கே தருவதை இங்கேயும் இங்கே தருவதை அங்கேயும் சொல்லுங்கள்.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ளவர்களுக்கு முக்கூடலிலேயே மத்திய அரசின் பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள் இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டலாம், அதில் ஓபி மருந்தும் அடக்கம். ஏதாவது ஒரு மாத்திரையை வெளியே வாங்க நேர்ந்தால் 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் விலை குறைவு. நடக்க முடியாமல் வீட்டோடு இருப்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

மூட்டு ஏற்கெனவே வளைந்துபோனவர்கள் இரண்டு வழி பாருங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் காப்பீட்டுத் திட்ட மேஜையில் அட்டையைக் கொடுத்து, முன் அனுமதி வந்த பிறகு அட்மிட் ஆகுங்கள். அறுவை சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் மேலே சொன்ன எண்ணுக்குப் போன் போடுங்கள். அடுத்தது மாற்றுத்திறனாளி சான்று. 2016ஆம் வருஷச் சட்டப்படி, அரசு மருத்துவர்கள் அளந்து 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று எழுதினால் தேசிய அடையாள அட்டை கிடைக்கும், அதை வைத்துத்தான் மற்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்க முடியும்.

ஐகிரவுண்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், ஓபி மதியத்தோடு முடிந்துவிடும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆதார், பழைய சீட்டுகள், படம் எடுத்த செல்போன், ஒரு துணை ஆள். விரல் விறைத்தவர்களுக்குப் பஸ் கம்பியைப் பிடித்து ஏறுவதே பெரும்பாடு, துணைக்குப் போகிறவர் முதலில் ஏறிக் கையைக் கொடுங்கள். மணிக்கட்டில் பிடித்துத் தூக்காதீர்கள், முழங்கைக்கு மேலே பிடியுங்கள்.