மலை இறங்கும்போது மட்டும் காலை வாருகிற பிரேக்

மேட்டுப்பாளையம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் புகாரைச் சொல்வார்கள். குன்னூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ இறங்கி வந்த குடும்பம், முகமெல்லாம் வெளிறிப்போய், "பெடல் தரை வரைக்கும் போயிடுச்சுங்க" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும். நாங்கள் ஏறி மிதித்துப் பார்த்தால் பெடல் கெட்டியாக நிற்கும், லீக் இருக்காது, டிஸ்கைப் பிடிக்கிற பேட் தேய்ந்திருக்காது, பிரேக் ஆயில் லெவலும் சரியாகவே இருக்கும். சூட்டுல அப்படித்தான், ஆறிடுச்சுல்ல, கிளம்புங்க என்று அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதுதான் கோபம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230, இது தர விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு அதே விதி கேட்பது முறையே 140, 155 டிகிரிதான். தொடர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே மலை இறங்கினால் பேடை அமுக்குகிற காலிப்பருக்குள் அந்தச் சூடு ஏறுவது கஷ்டமே இல்லை. ஆயில் கொதித்தால் ஆவி வரும், ஆவி அமுங்கும், நீங்கள் மிதிக்கிற பலமெல்லாம் அதை அமுக்குவதிலேயே போய்விடும், பேடுக்கு எதுவும் போய்ச் சேராது. ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலோடு சேர்ந்துவிடுவதால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பெடல் நல்ல பிள்ளையாக நிற்கிறது.

இந்தக் கோளாறுக்கு, பழைய ஆயிலின் மேலேயே புதிதை ஊற்றி நிரப்புவது மருந்தே இல்லை. லெவல் மெதுவாக இறங்குவது பெரும்பாலும் பேட் தேய்வதால்தான், வேகமாக இறங்கினால் லீக். நிறையக் கையேடுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு ஆயிலையும் மாற்றச் சொல்கின்றன, நம்மில் பலர் வண்டியை விற்கும் வரை மாற்றுவதில்லை.

வீட்டில் செய்யலாமா? ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) இல்லாத வண்டியில் தாராளமாக, இருக்கிற வண்டியில் கவனமாக. பிரேக் ஆயில் டேங்க் மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதே டாட், சீல் பிரிக்காத புது டப்பா, ஒரு லிட்டர் வாங்கினால் பெரும்பாலான கார்களுக்குப் போதும். போன வருடம் திறந்து வைத்த டப்பா வேண்டாம். டாட் 5 சிலிக்கோன் வகை, அதைக் கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ தவறி விழுந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும், பிறகு பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுகிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வரை மாற்ற வேண்டிவரும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி ஸ்டாண்ட் கொடுங்கள், வெறும் ஜாக்கியை நம்பி கையை உள்ளே விடாதீர்கள். முதலில் சிரிஞ்சால் டேங்கிலுள்ள கறுத்த ஆயிலை உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்றிக்கொள்ளுங்கள். நம் ஊர் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் வழக்கமாகப் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வருவோம், கையேடு வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி. சக்கரத்தின் பிரேக்கில் ஆயிலை வெளியேற்றுகிற நிப்பிளில் ரிங் ஸ்பேனர் போட்டு, உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரிகிற டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிற தம்பி மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும், நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன் அவன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், வேலை முழுக்க இந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. டேங்க் லெவல் மினிமம் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது, நாலைந்து மிதிக்கு ஒருமுறை எழுந்து பாருங்கள்.

பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்கவிடாமல் அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் சீல் தினமும் போகாத பகுதி துருப்பிடித்திருக்கும், அங்கே உரசினால் அது கிழிந்துவிடும், பிரேக் நன்றாக இருந்த வண்டி ஆயில் மாற்றிய மறுநாள் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நிப்பிளிலிருந்து ஆயிலை உறிஞ்ச, கையால் இழுக்கிற வேக்குவம் பம்ப் வாங்கியவர்கள் குமிழி நிற்கவே இல்லை என்று புலம்புவார்கள், அது பல நேரம் நிப்பிள் மரை வழியாக வருகிற வெளிக்காற்றுதான். அப்புறம், பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், விட்டால் உரிந்துவிடும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம், பழைய ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் தனிப் பாட்டிலில் கொடுங்கள்.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வண்டியை எடுக்காதீர்கள். கெட்டியாக இருந்தும் ரொம்பத் தாழ்வாகப் பிடித்தால் பின் டிரம் ஷூ அட்ஜஸ்ட்மென்டையும் பாருங்கள், எல்லாவற்றுக்கும் உள்ளே போன காற்று காரணம் கிடையாது. நடுவில் டேங்க் காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் பல வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் அதை எடுக்க முடியாது. அந்த வண்டியை மெதுவாகக்கூட ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.