பிரோஷரில் ரோம், கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா

திருச்சியிலிருந்து ஒரு தம்பதி எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பார்சிலோனாவில் ஏறி ஏழு இரவு மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் க்ரூஸ், பிள்ளைகள் தரும் அறுபதாம் கல்யாணப் பரிசு. பேச ஆரம்பித்ததுமே அம்மா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். பிரோஷரில் இருந்த ரூட் மேப்பைப் பெரிதாக்கி அச்சிட்டு, ரோம் என்ற புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் பொடி எழுத்தில்: "7 மணி இறங்கி நடந்து வாடிகன். 11 கொலோசியம். 1 மணிக்குக் கப்பலில் சாப்பாடு. 3 மணி ட்ரெவி நீரூற்று."

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவர்மேல் தப்பே இல்லை. மேப்பில் புள்ளி கடலோரத்தில்தான் இருந்தது, பக்கத்தில் ரோம் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் கப்பல் போய் நிற்கும் ஊர் சிவிட்டாவெக்கியா. அங்கிருந்து ரோம் நகரம் சுமார் 70 கி.மீ. துறைமுகத்திலிருந்து ரயில் நிலையம் போக வேண்டும், பிறகு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மதியம் கப்பலுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி போவது நடக்காத காரியம்.

கப்பல் பயணம் கேட்டு வருகிற எல்லோரிடமும் இதனால்தான் நான் ஒன்றை வற்புறுத்துகிறேன். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் ரூட் மேப்பை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிரோஷரில் இருப்பது விளம்பரப் படம். ஊர்ப் பெயர்களை அழகான ஒரு வளைகோட்டால் இணைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஃபுளோரன்ஸ் என்றால் கப்பல் நிற்பது லிவோர்னோவில். பாரிஸ் என்றால் லே ஹாவ்ர், பாரிஸிலிருந்து சுமார் 200 கி.மீ. பெர்லின் என்று போட்டிருந்தால் பால்டிக் கரையில் வார்னமுண்டே, பெர்லினுக்கு 200 கி.மீ.க்கும் மேல். பாங்காக் பெரும்பாலும் லேம் சபாங், நூறு கி.மீ.க்கும் அதிகம். ஏதென்ஸுக்கான பிரேயஸ் மட்டும் பரவாயில்லை, மெட்ரோவிலேயே போய்விடலாம். வெனிஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 1 முதல் பெரிய கப்பல்கள் கியூதெக்கா கால்வாய் வழியாக வரத் தடை இருக்கிறது. அதனால் 'வெனிஸ்' என்று விற்கப்படும் பல பயணங்கள் மார்கேராவிலோ, ரவென்னாவிலோ, ட்ரியஸ்ட்டேயிலோ தொடங்குகின்றன. ரவென்னாவிலிருந்து வெனிஸுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெனிஸ் விமான நிலையத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு அப்புறம் இதைக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு.

மேப் போடுவது கம்ப சூத்திரம் இல்லை. கூகுள் மை மேப்ஸ் இலவசம். பயணத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் கப்பல் போய் நிற்கும் துறைமுகத்தின் பெயரைக் கேளுங்கள். ஏஜெண்டிடம் கேட்டுச் சொல்லத் தெரியவில்லை என்றால் வேறு ஏஜெண்டைப் பாருங்கள், வருத்தப்படாமல் சொல்கிறேன். பின்னை ஊரின்மேல் குத்தாதீர்கள், கப்பல் வந்து நிற்கும் மேடையின்மேல் குத்துங்கள். இரண்டு பின்களுக்கு நடுவே வழி கேட்டால் அது சாலை வழியைத்தான் காட்டும். கோடு வரையும் வசதியை எடுத்துக்கொண்டு, கடலில் புள்ளி புள்ளியாகத் தட்டிக் கரையைச் சுற்றிக் கொண்டுபோங்கள். நேர்கோடு போட்டால் தரையில் ஏறிவிடும்.

நமக்குத் தெரிந்த கடலிலேயே இதைப் பார்க்கலாம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் இலங்கைக்கு ஓடத் தொடங்கியபோது, ஹம்பன்தோட்டை எங்கே என்று கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். சென்னைக்கும் ஹம்பன்தோட்டைக்கும் நேர்கோடு போட்டால் அது இலங்கையின் நடுவயிற்றில் போகும். ராமேஸ்வரம் பக்கமாகப் போகாதா என்றும் கேட்பார்கள். ராமர் பாலம் பகுதியில் பல இடங்களில் தண்ணீர் ஆள் உயரம்கூட இருக்காது, பெரிய கப்பல் நுழையவே முடியாது. கிழக்குக் கரையை ஒட்டிச் சுற்றித்தான் போக வேண்டும். கோட்டைச் சரியாக வளைத்துப் பார்த்தால் திரிகோணமலை தானாகவே வழியில் வந்து நிற்கும்.

கோடு போட்டதும் அதன்மேல் நேரத்தை எழுதுங்கள். மாலை 6 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 7 மணிக்குச் சேர்ந்தால் 13 மணி நேரம். ஒரு நாட் வேகம் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. 18 நாட் வேகத்தில் 13 மணி நேரத்துக்கு 433 கி.மீ. ஓடும். லிவோர்னோவிலிருந்து சிவிட்டாவெக்கியா சுமார் 200 கி.மீ.தான். அப்படியானால் அன்று இரவு கப்பல் மெதுவாக ஊர்ந்துதான் போகும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஆறுதலான தகவல்.

இன்னொரு அடையாளமும் போடச் சொல்வேன். கப்பல் கரை மேடையை ஒட்டி நிற்கிறதா, வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறதா என்பது. சாண்டோரினியில் கப்பல் நடுக்கடலில் நின்றுவிடும். டெண்டர் என்கிற சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போய், மேலே உள்ள ஃபிரா ஊருக்கு ஏற கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டாமா?

சரி, இப்போது விசா. என் தொழிலில் இன்றைக்கும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு தவறு இதில்தான் நடந்தது. பல வருடங்களுக்கு முன்னால் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு கிரேக்கத் தீவுகள் க்ரூஸ் போட்டுக் கொடுத்தேன். பிரேயஸில் ஏறி, நடுவில் ஒரே ஒரு நாள் துருக்கியின் குஷாடஸி, திரும்பவும் கிரேக்கத் தீவுகள். 'கிரீஸ் க்ரூஸ்' என்ற பெயரையே மனதில் வைத்துக்கொண்டு ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம், ஒற்றை நுழைவு என்றால் அதற்குள் ஒருமுறைதான் நுழையலாம். துருக்கி ஷெங்கனில் இல்லை. குஷாடஸிக்குப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வருகிறோம். டெர்மினல் கவுண்டரிலேயே அவர்களைத் தடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தின் மூத்த பெண் அங்கிருந்து எனக்குப் போன் செய்து, "அண்ணா, கப்பல் கிளம்புது, நாங்க வெளிய நிக்கிறோம்" என்று சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அந்த விடுமுறையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஷெங்கன் துறைமுகங்களுக்கு நீலப் பின், மற்றவற்றுக்குச் சிவப்புப் பின். நீலம், சிவப்பு, மறுபடி நீலம் என்று வந்தால் மல்டிபிள் என்ட்ரி, அதாவது பலமுறை நுழையும் விசா, இல்லாமல் கோப்பு நகராது. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனில் சேர்ந்தது, மாண்டினீக்ரோ சேரவில்லை. அதனால் பழைய மேப்பை நம்பி நிறம் போடாதீர்கள்.

அலாஸ்காவுக்கும் இதே கதைதான். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் பயணங்களில், ஒரு மாலைப் பொழுதுக்குக் கனடாவின் விக்டோரியா வரும். 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்காவில் ஏற்றிய பயணிகளை வெளிநாட்டு மண்ணைத் தொடாமல் அங்கேயே சுற்றிக் கொண்டுவந்து இறக்கக் கூடாது. அதற்காகத்தான் அந்த நிறுத்தம். சில மணி நேரம்தானே என்று இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கனடா விசாவை விட்டுவிட முடியாது. இன்னொன்று, சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் போகும். வான்கூவரில் கிளம்புபவை தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே அமைதியான நீரில் போகும். பிரோஷரில் இரண்டும் ஒரே மாதிரி நீலக் கோடுதான்.

போட்ட கோடு சரியா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. பயணிகள் கப்பல்கள் ஏஐஎஸ் கருவி வைத்து, தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகும். மரைன் டிராஃபிக், வெசல் ஃபைண்டர் போன்ற தளங்களில் கப்பலின் பெயரைப் போட்டால் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியும். உங்கள் கப்பல் அதே சுற்றில் போய்க்கொண்டிருக்கும் வாரத்தில் தினமும் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மேடையில் நிறுத்துகிறார்கள் என்பதுவரை தெரிந்துவிடும்.

திருச்சி அம்மாவுக்குப் புது மேப் போட்டுக் கொடுத்தோம். மதியச் சாப்பாட்டை அவரே அடித்துவிட்டு, "ரயில்ல புளியோதரை" என்று எழுதினார். கொலோசியத்தை விட்டுவிட்டார், வாடிகனும் ட்ரெவியும் இருந்தன. தாளை மடிக்கும் முன் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வரைந்து, காலியாக வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் அந்தத் துறைமுகத்தின் கப்பல் ஏஜெண்ட் எண்ணும், எத்தனை மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்பதும் அச்சிட்டிருக்கும். இறங்குவதற்கு முன் அந்த இரண்டையும் கட்டத்தில் எழுதிக்கொண்டு, மேப்பைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.