ஐந்தாம் நாளுக்குப் பிறகு கருவுக்கு என்ன ஆகிறது?

குழந்தையின்மை சிகிச்சை மையம் ஒன்றின் ஆய்வகத்தில் கருவியலாளராக வேலை பார்க்கிறேன். கருமுட்டையையும் விந்தணுவையும் சேர்த்து, உருவாகும் கருவை ஐந்து நாள் வளர்த்து மருத்துவர் கையில் கொடுப்பது என் பொறுப்பு. நோயாளிகளிடம் நேரில் பேச வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. ஆனால் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்த பிறகு சிலர் ஆய்வகக் கதவுவரை வந்து நிற்பார்கள். "மேடம், கரு நன்றாக வளர்ந்திருக்கிறது என்றுதானே சொன்னீர்கள்? பிறகு ஏன் தங்கவில்லை? பஸ்ஸில் ஊருக்குப் போனேன், அதனாலா? ஒரு குடம் தண்ணீர் தூக்கினேன், அதனாலா?"

பஸ்ஸும் குடமும் காரணமே இல்லை என்று அழுத்திச் சொல்வேன். ஆரம்ப வாரங்களில் கலைந்துபோகும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் கோளாறு இருக்கும், அது யார் செய்த தவறும் அல்ல என்றும் சொல்வேன். மீதிப் பாதியைப் பற்றிக் கேட்டால் மருத்துவ உலகத்திடமே முழுப் பதில் இல்லை. அந்த நாட்களில் கருப்பைக்குள் கருவுக்கு நடப்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் காலையில் இன்குபேட்டரிலிருந்து கண்ணாடித் தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தால் சோப்புக் குமிழி போல ஓர் உருண்டை தெரியும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். வெளிச்சுற்றில் ஒற்றை வரிசையாகச் செல்கள் ஓடு பதித்தது போல நெருங்கி நிற்கும். அவை பின்னால் நஞ்சுக்கொடி ஆகப்போகிறவை. உள்ளே ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சின்னக் கொத்து ஒன்று இருக்கும். குழந்தை அதிலிருந்துதான் வர வேண்டும். நடுவில் வெறும் நீர். இதற்கு பிளாஸ்டோசிஸ்ட் என்று பெயர். படம் எடுத்து, தரம் குறித்து, மெல்லிய குழாயில் ஏற்றிக் கொடுத்த பிறகு அதை நான் பார்க்க முடியாது. ரத்தத்தில் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் ஏறும்வரை, பிறகு ஸ்கேனில் கருவைச் சூழ்ந்த பை தெரியும்வரை, எல்லாம் இருட்டு. கரு கருப்பையின் சுவரைத் துளைத்து உள்ளே பதிவதும், பனிக்குடம் உருவாவதும், மூன்றாம் வாரத்தில் தலை எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்று செல்கள் இடம்பெயர்ந்து முடிவு செய்வதும் அந்த இருட்டில்தான்.

இந்த வாரங்களைப் பற்றிப் பாடநூல்களில் உள்ள படங்களில் பெரும்பங்கு ஒரே இடத்திலிருந்து வந்தது. பாஸ்டனில் ஜான் ராக், ஆர்தர் ஹெர்ட்டிக் என்ற இரு மருத்துவர்கள் 1938இல் தொடங்கி ஏறக்குறைய 15 ஆண்டுகள், கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு வந்த 200க்கும் மேற்பட்ட பெண்களின் கருப்பைகளில் தேடினார்கள். கிடைத்தவை 34 கருக்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது.

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் வந்த பிறகு ஆய்வகத்திலேயே கரு கிடைத்தது, ஆனால் எல்லை ஒன்றும் கூடவே வந்தது. மனிதக் கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று பிரிட்டனின் வார்னாக் குழு 1984இல் பரிந்துரைத்த வரம்பு 1990இல் அங்கே சட்டமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளும் அதையே சொல்கின்றன. 2016இல் கேம்பிரிட்ஜ், நியூயார்க் ஆய்வகங்கள் மனிதக் கருவை 12, 13 நாள் வரை தட்டில் வளர்த்து, வரம்பை மதித்து நிறுத்திக்கொண்டன.

இந்த இடத்தில்தான் ஸ்டெம் செல் உதவிக்கு வருகிறது. தமிழில் குருத்தணு என்கிறார்கள். எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய செல். கருவிலிருந்து எடுக்கலாம். ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா காட்டிய வழியில் வளர்ந்த மனிதரின் தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பியும் பெறலாம். 2021இல் டெக்சாஸ், மெல்போர்ன் குழுக்கள் இத்தகைய செல்களைத் தட்டிலுள்ள நுண்குழிகளில் விட்டுவைத்தன. விந்தும் முட்டையும் இல்லாமலே அவை ஒன்றுகூடி, நான் தினமும் பார்க்கிற பிளாஸ்டோசிஸ்ட் போன்ற உருண்டையாயின. இவற்றை பிளாஸ்டாய்டு என்கிறார்கள்.

அதே ஆண்டு இறுதியில் வியன்னாவில் நிக்கோலா ரிவ்ரான் குழு செய்த சோதனைதான் என் வேலைக்கு மிக நெருக்கமானது. கருப்பையின் உட்சுவர்ச் செல்களைத் தட்டில் வளர்த்து அதன்மேல் பிளாஸ்டாய்டுகளை விட்டார்கள். ஹார்மோன் கொடுத்துத் தயார்செய்த செல்களில் அவை ஒட்டின, கொடுக்காதவற்றில் ஒட்டவில்லை. ஒட்டும்போது உள்ளே கொத்து இருக்கும் பக்கத்தாலேயே ஒட்டின. எலியின் கரு இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தால் ஒட்டும். எலியை எத்தனை ஆண்டு ஆராய்ந்தாலும் மனிதக் கரு ஏன் தங்கவில்லை என்பது தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம். "ஏன் தங்கவில்லை" என்ற கேள்வியை முதல்முறையாக ஒரு தட்டில் வைத்து, ஒரு மருந்தைக் கூட்டி, ஒரு ஹார்மோனைக் குறைத்து, நூறு தடவை கேட்டுப் பார்க்கலாம். இதைப் படித்த அன்று ஆய்வகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு அந்தப் படங்களைக் காட்டினேன்.

2023இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னா குழு, ஸ்டெம் செல்லிலிருந்து 14 நாள் கருவை ஒத்த மாதிரியை உருவாக்கியது. கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனையில்கூட அது பாசிட்டிவ் காட்டியது. செய்தித்தாள்கள் "செயற்கைக் கரு" என்று எழுதின. கலந்துவிட்ட செல் திரள்களில் 100க்கு 1 தான் சரியாக உருவெடுத்தது என்பதைப் பலர் எழுதவில்லை.

அந்தத் தலைப்புச் செய்தியின் கத்தரிப்புடன் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். மூன்று முறை தோற்றுப்போயிருந்தார்கள். கூடவே வேறொரு இடத்தின் துண்டுப் பிரசுரம்: ஸ்டெம் செல் மூலம் குழந்தைப் பேறு, ஒரு முறைக்கு இத்தனை லட்சம். அந்தப் பெண் நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தார்.

நிதானமாக உட்காரவைத்துச் சொன்னேன். அம்மா, இவை கருவின் மாதிரிகள். குழந்தையாகக்கூடிய கரு அல்ல. 2023இல் சீன விஞ்ஞானிகள் குரங்கின் ஸ்டெம் செல்லில் செய்த பிளாஸ்டாய்டுகளை 8 பெண் குரங்குகளின் கருப்பையில் வைத்தார்கள். 3 குரங்குகளில் ஒட்டியது, பையும் தெரிந்தது, ஆனால் ஒன்றிலும் சிசு வளரவில்லை. மனிதரில் அப்படி முயல்வதையே பன்னாட்டு ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கத்தின் 2021 நெறிமுறை தடைசெய்கிறது. 2025இல், இந்த மாதிரிகளைக் கருப்பைக்கு வெளியே பிழைக்கக்கூடிய நிலைவரை வளர்ப்பதும் கூடாது என்று சேர்த்தார்கள். பிரசுரத்தில் சொல்லியிருப்பது இந்த ஆராய்ச்சியே அல்ல. செல்லை ஊசியில் ஏற்றிக் கருப்பையிலோ சினைப்பையிலோ போடுகிறார்கள். ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர மற்ற எல்லாமே இன்னும் சோதனை நிலையில்தான் என்றும், அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்றும் ஐசிஎம்ஆர் நெறிமுறை சொல்கிறது.

"அவர்களும் ஆய்வு என்றுதானே சொன்னார்கள்" என்றார் கணவர்.

ஆய்வு என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதற்கு ஒரு பதிவு எண் இருக்க வேண்டும். சிடிஆர்ஐ எண் என்பார்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த எண்ணையும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தையும் கேளுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவரே போன் செய்தார். எண் கேட்டதும் எதிர்முனையில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டதாம்.